ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே: தாம்பரத்தில் சிறுவர் கால்பந்துத் தொடர் நடத்திய அனுபவம்

காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு ஒன்பது மணிக்குப் படுக்கும் ஒரு சிறுவன் பதினாறு மணி நேரம் விழித்திருக்கிறான். பாதிக்கு 20 நிமிடமாக நடக்கும் சிறுவர் ஆட்டத்தில், அவன் அணிக்கு அன்று ஓர் ஆட்டம் என்றால் 40 நிமிடமும் இரண்டு என்றால் 80 நிமிடமும்தான் அவன் களத்தில் இருப்பான். மீதி நேரமெல்லாம் அவன் எங்கே உட்காருகிறான், எதைக் குடிக்கிறான், எந்தக் கழிப்பறைக்குப் போகிறான், யார் கண்ணில் படுகிறான் என்பவற்றைப் பார்த்துக்கொள்வதற்குத்தான் தொடர் நடத்துகிறவர்களின் உழைப்பில் பெரும்பகுதி செலவாகிறது. தாம்பரம் பகுதியில் ஆண்டு இறுதி விடுமுறையில் நாங்கள் நடத்தும் தொடரில் என் பொறுப்பு தங்குமிடமும் சாப்பாடும் தண்ணீரும் என்பதால் கோப்பையை விடக் குழாய்களைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றினால் அது சரிதான்.

பெரிய தொடருக்குப் பெரிய நகரமும் பெரிய ஸ்டேடியமும் வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. டென்மார்க்கின் வடக்கே உள்ள யோரிங் என்ற ஊரில் ஏறத்தாழ 25,000 பேர்தான் வாழ்கிறார்கள். அங்கே 1982 முதல் ஜூலை மாதக் கடைசியில் நடக்கும் டானா கோப்பைக்குப் பல நாடுகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான அணிகள் வருகின்றன. வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளிக்கூட வகுப்பறைகளில் படுத்துக்கொள்கிறார்கள். சுவீடனின் கோத்தன்பர்க்கில் 1975 முதல் நடக்கும் கோத்தியா கோப்பையிலும் பள்ளிகள்தான் விடுதிகள். இங்கிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகள், நடந்து போகும் தூரத்தில் நாலைந்து மைதானங்கள், வெளியூர் ரயில் நிற்கும் ஒரு நிலையம் ஆகிய மூன்றும் ஒரே ஊரில் இருந்தால் அந்த ஊரால் நடத்த முடியும். தாம்பரத்துக்கு இந்த மூன்றும் உண்டு. பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்தைச் சுற்றி இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பது கடினம். (சென்னை சிட்டி என்று பெயர் வைத்துக்கொண்ட கிளப் 2018–19 ஐ-லீக் பட்டத்தை வென்றபோது அதன் சொந்த மைதானம் கோயம்புத்தூரில் இருந்ததை இங்கே நினைவுபடுத்தினால் சென்னைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.)

முதலில் தீர்மானிக்க வேண்டியது தேதி. ஏப்ரல், மே விடுமுறை நீளமானது என்பதால் எல்லோரும் அதையே சொல்வார்கள். ஆனால் மே முதல் வாரத்தில் கத்திரி தொடங்கிவிடும். அந்த வெயிலில் பதினோரு வயதுப் பிள்ளைகளை ஓட விடுவதற்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெப்பம், ஈரப்பதம், வெயில் மூன்றையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32 டிகிரியைத் தாண்டினால் பெரியவர்களின் ஆட்டத்துக்கே இடையில் தண்ணீர் இடைவேளை விட வேண்டும் என்று ஃபிஃபா சொல்கிறது. அக்டோபர், நவம்பர் மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. பொங்கலுக்குப் பிள்ளைகள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். எஞ்சுவது அரையாண்டுத் தேர்வு விடுமுறை. அதிலும் டிசம்பர் 25ஐத் தொடக்க நாளாக வைக்கக் கூடாது; குமரி மாவட்டத்தின் தூத்தூர் போன்ற கடலோர ஊர்களில் கால்பந்து ஆடும் பிள்ளைகள் கிறிஸ்துமஸை வீட்டில் கொண்டாடிவிட்டுத்தான் கிளம்புவார்கள். 26ஆம் தேதி இரவு ரயிலேறி 27 அதிகாலை இறங்குவது அவர்களுக்கு ஒத்துவருகிறது. இறுதிச் சுற்று 31ஆம் தேதி வரை நீளும்போது அன்று நள்ளிரவு ஆராதனைக்கு அவர்களால் ஊர் திரும்ப முடியாது. இதை நுழைவுப் படிவத்திலேயே எழுதிவிடுகிறோம், முடிவு அவர்களுடையது.

இனி கணக்கு. இரண்டு வயதுப் பிரிவுகளில் 24 வீதம் 48 அணிகள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு அணிகள் கொண்ட குழுவில் ஆறு ஆட்டங்கள் என்பதால் 12 குழுக்களுக்கு 72 ஆட்டங்கள். பாதிக்கு 20 நிமிடம், இடைவேளை 5 நிமிடம், அணிகள் மாறுவதற்கு 10 நிமிடம் என்றால் ஓர் ஆட்டத்துக்கு 55 நிமிடம் ஆகிறது. அதை ஒரு மணி நேரம் என்றே எழுத வேண்டும், ஏனெனில் ஐந்து நிமிடத் தாமதம் ஆறாவது ஆட்டத்தில் அரை மணி நேரமாகிவிடும். டிசம்பர் கடைசியில் சென்னையில் சூரியன் காலை ஆறரையை ஒட்டி எழுந்து மாலை ஆறுக்கு முன்பே மறைகிறது. காலை ஆறேமுக்கால் முதல் பத்தேமுக்கால் வரை நான்கு ஆட்டங்கள், மாலை மூன்றே கால் முதல் இரண்டு ஆட்டங்கள் என ஒரு மைதானத்தில் நாளுக்கு ஆறுதான் நடத்தலாம். நான்கு மைதானங்கள் இருந்தால் நாளுக்கு 24 ஆட்டங்கள். அதாவது 72 ஆட்டங்களும் சரியாக மூன்று நாளில் முடியும், ஒவ்வோர் அணிக்கும் நாளுக்கு ஓர் ஆட்டம் கிடைக்கும்.

நண்பகலிலும் ஆட்டம் வைத்தால் ஒரு நாளை மிச்சப்படுத்தலாமே என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். டிசம்பர் வெயில் ஆளைச் சாய்த்துவிடாது என்பது உண்மை. ஆனால் அந்த நாலரை மணி நேரம் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்குவதற்கும், மண் மைதானத்தில் லாரித் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்குவதற்கும், அழிந்துபோன கோடுகளை மறுபடி போடுவதற்கும், விடியற்காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் நடுவர்கள் கால் நீட்டுவதற்கும் வேண்டியிருக்கிறது. மாலை ஆட்டங்களில் சண்டை அதிகமாகும் தொடர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அங்கே நடுவர் அன்றைக்கு ஐந்தாவது ஆட்டத்தை ஊதிக்கொண்டிருப்பார்.

குழுச் சுற்று முடிந்ததும் ஒவ்வொரு பிரிவிலும் ஆறு குழுக்களின் முதலிடமும் சிறந்த இரண்டு இரண்டாமிடங்களும் என எட்டு அணிகள் காலிறுதிக்குப் போகும். மீதமுள்ள 32 அணிகளை என்ன செய்வது என்பதுதான் ஒரு தொடரின் குணத்தைக் காட்டும் இடம் என்று நினைக்கிறேன். இரவெல்லாம் ரயிலில் வந்து, மூன்று ஆட்டம் தோற்று, மூட்டையைக் கட்டிக்கொண்டு போகச் சொன்னால் அடுத்த ஆண்டு அந்த ஊர் வராது. கோத்தியா கோப்பையில் தோற்ற அணிகளுக்கும் தனியாக ஒரு பி பிரிவு நாக்-அவுட், அதாவது தோற்றால் வெளியேறும் சுற்று, உண்டு. நம் கணக்கிலும் இடம் இருக்கிறது: நான்காம் நாளில் 24 ஆட்டங்களுக்கு இடம் இருக்கும்போது காலிறுதிகள் எட்டுதான், மீதி 16 இடங்களில் 32 அணிகளும் ஆளுக்கு ஓர் ஆட்டம் ஆடலாம். ஏறத்தாழ ஒரே பலமுள்ள அணிகளை எதிரெதிரே நிறுத்தினால் தொடரின் மிக நல்ல ஆட்டங்கள் சில இந்த வரிசையில்தான் கிடைக்கின்றன. ஐந்தாம் நாள் காலையில் அரையிறுதி, மாலையில் இறுதி.

மைதானத்தைப் பற்றிச் சில சொற்கள். 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள முழு அளவுக் களத்தைக் குறுக்கே இரண்டாகப் பிரித்தால் 12 வயதுக்கு உட்பட்டோர் ஒன்பது பேராக ஆடுவதற்கு இரண்டு களங்கள் கிடைக்கின்றன. அவர்களுக்குப் பெரியவர்களின் பந்தைவிடச் சற்றுச் சிறிய நான்காம் எண் பந்து போதும். களத்தின் அளவு, ஆட்ட நேரம், பந்தின் அளவு, வெளியே போனவர் திரும்ப உள்ளே வருவது ஆகியவற்றைச் சிறுவர் ஆட்டங்களுக்கு மாற்றிக்கொள்ள விதிகளே அனுமதிக்கின்றன. கோடு போடச் சுண்ணாம்புத் தூளைப் பயன்படுத்த வேண்டாம். சறுக்கி விழுந்த தொடையில் வியர்வையோடு சேர்ந்தால் அது தோலைப் புண்ணாக்கும். கோலமாவு மூட்டையாகக் கிடைக்கிறது, யாரையும் எரிக்காது. தூக்கி நகர்த்தும் கோல் போஸ்ட்டுகளின் பின்கட்டையில் மணல் மூட்டைகளை ஏற்றிக் கட்டாமல் ஒரு நிமிடமும் விடக் கூடாது. சிறுவர்கள் மேல்கட்டையைப் பிடித்துத் தொங்குவார்கள், போஸ்ட் முன்பக்கமாகச் சாயும், உலகில் பல இடங்களில் உயிர் போயிருக்கிறது.

ஃபிக்சரை, அதாவது எந்த அணி யாரோடு எப்போது ஆடுவது என்ற அட்டவணையை, எழுதுகிறவர் ரயில் கால அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தெற்கு மாவட்டங்களிலிருந்து எழும்பூர் போகும் விரைவு ரயில்களில் பல அதிகாலையில் தாம்பரத்தில் நிற்கின்றன. அவற்றில் இறங்கும் அணிக்கு முதல் நாள் ஆட்டத்தை மாலையில்தான் வைக்க வேண்டும். உள்ளூர் அணிகள் என்று நாம் சொல்பவையும் அவ்வளவு பக்கத்தில் இல்லை. வியாசர்பாடி ஜீவா நிலையத்திலிருந்து வருகிற பிள்ளை சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்து பூங்கா நிலையத்துக்கு நடந்து, கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலைப் பிடித்து வர வேண்டும். சென்னையில் கால்பந்து உண்மையாகவே உயிரோடு இருக்கிற பகுதி வியாசர்பாடி. அங்கிருந்து வருகிற அணிகளை ஆறேமுக்கால் ஆட்டத்தில் போட்டுவிட்டுத் தாமதமாக வந்தார்கள் என்று எதிரணிக்குப் புள்ளி கொடுப்பது அநியாயம். காலை முதல் ஆட்டங்கள் பள்ளியில் தங்கியிருக்கும் அணிகளுக்கும் தாம்பரத்து அணிகளுக்கும் உரியவை.

இப்போது என் துறைக்கு வருகிறேன். ஓர் அணிக்கு 16 ஆட்டக்காரர்களும் இரண்டு பெரியவர்களும் என்றால் 48 அணிகளுக்கு 864 பேர். அவர்களில் பாதி வெளியூர் என்றால் 432 பேருக்குப் படுக்கை வேண்டும். ஓர் அணிக்கு ஒரு வகுப்பறை என்பது மாறாத விதி. இரண்டு அணிகளை ஒரே அறையில் போட்டால் முதல் இரவே பூட்ஸ் காணாமல் போகும், பிறகு யாரையும் சமாதானம் செய்ய முடியாது. பெஞ்சுகளை எடுத்து ஒரே அறையில் அடுக்கும்போது எந்த அறையில் எத்தனை பெஞ்சு இருந்தது என்று கதவில் ஒட்டிப் புகைப்படமும் எடுத்து வைக்க வேண்டும். மழை விட்ட மாதம் என்பதால் கொசு இருக்கும். பதினெட்டுப் பேர் படுக்கும் அறையில் கொசுவத்தி ஏற்றினால் காலையில் பாதிப் பேர் இருமுவார்கள். சன்னல்களுக்கு நைலான் வலை அடிப்பது மலிவான வேலை.

கழிப்பறைதான் எல்லாவற்றிலும் கடினமானது. பள்ளிக் கழிப்பறைகள் பகல் நேரத்தில் இடைவேளைதோறும் பயன்படுத்துவதற்காகக் கட்டப்பட்டவை, நானூறு பேர் விடியற்காலையில் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பதற்காக அல்ல. காலை முதல் ஆட்டமுள்ள அணிகளை நாலரைக்கும் மற்றவர்களை ஐந்தரைக்குப் பிறகும் எழுப்பினால் நெருக்கடி பாதியாகக் குறைகிறது. குளிப்பதற்கு வெளியே பெரிய டிரம்களும் வரிசைக் குழாய்களும் வைத்து, நிற்கும் தரையில் ஜல்லி கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டாம் நாளே அது சேறாகிவிடும். தூய்மைப் பணியாளர்களை இரண்டு ஷிஃப்டாக, இரவிலும், நல்ல கூலிக்கு நியமிப்பதைத் தொடரின் முதல் செலவாக வைக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி எல்லோரையும் சலிப்படையச் செய்திருக்கிறேன். கோப்பைக்கும் டி-ஷர்ட்டுக்கும் ஸ்பான்சர் கிடைக்கிறார், கழிப்பறைக்குக் கிடைப்பதில்லை. அதனால் நுழைவுக் கட்டணத்தை அதற்கு ஒதுக்கி, கோப்பையை ஸ்பான்சரிடம் விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

தண்ணீரில் சிக்கனம் பார்க்க முடியாது. ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 4 லிட்டர் குடிநீர் என்று கணக்கிட்டால் 864 பேருக்கு ஏறத்தாழ 3,500 லிட்டர். 20 லிட்டர் கேன்களில் அது 175. ஒரே கடைக்காரரிடம் இவ்வளவையும் கேட்டால் நண்பகலில் வண்டி வராது. இரண்டு பேரிடம் பிரித்துச் சொல்லி, மறுநாள் கேன்களை முதல் நாள் இரவே இறக்கிவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தண்ணீர்ப் பாக்கெட்டுக்கும் பிளாஸ்டிக் கப்புக்கும் தடை இருப்பதால், பிள்ளைகள் சொந்தப் பாட்டிலோடு வர வேண்டும் என்று முன்பே எழுதிவிட வேண்டும். வராதவர்களுக்குக் கொடுக்க எவர்சில்வர் டம்ளர்களும் சங்கிலியும் தேவைப்படும். ஒவ்வொரு பாதியின் நடுவிலும் நடுவர் ஒரு நிமிடம் நிறுத்தித் தண்ணீர் குடிக்கச் சொல்வது எங்கள் வழக்கம். ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். அரைப் பொட்டலத்தை ஒரு பாட்டிலில் உத்தேசமாகக் கொட்டிக் கலக்கும் கோச்சுகளைத் தடுக்க ஒரு தனி ஆள் வேண்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, கல்யாணச் சமையல் செய்கிற மாஸ்டரிடம் பேசும்போது இது கல்யாணப் பந்தி அல்ல என்பதை முதலிலேயே புரியவைக்க வேண்டும். அவர் அன்பினால் நெய் வழியும் பொங்கலும் வடையும் போடுவார், ஒன்பது மணி ஆட்டத்தில் பிள்ளைகளின் கால் நகராது. ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாக இட்லியும் வாழைப்பழமும், ஆட்டம் முடிந்ததும் சுண்டலும் மோரும், மதியம் சாம்பார் சாதம், தயிர் சாதம், ஒரு முட்டை, இரவில் சப்பாத்தி அல்லது தோசை என்றால் யாருக்கும் வயிறு கெடுவதில்லை. கட்டுப்பாடு முழுவதும் நேரத்தில் இருக்கிறது. சமைத்த சாதம் மதியத்திலிருந்து இரவு வரை இருக்கக் கூடாது. சட்னி காலையோடு முடிந்தது. முட்டை சாப்பிடாதவர்கள், மாலை போட்டு விரதமிருப்பவர்கள் என்று சிலர் இருப்பார்கள். டிசம்பரில் சபரிமலைக்கு மாலை போட்ட கோச்சுகள் கணிசமாக வருகிறார்கள். அவர்களுக்குத் தனி அடுப்பு தேவையில்லை, தனிப் பாத்திரம் போதும்.

இரவுக் காவல் என்பதைச் சம்பிரதாயமாக எண்ணக் கூடாது. தாழ்வாரத்துக்கு இருவராக விழித்திருக்கும் பெரியவர்கள் வேண்டும், அவர்கள் இருவர் இருவராக நடக்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக அறையில் இருக்கக் கூடாது என்பதை எங்கள் தொண்டர்களுக்கு எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறோம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டுமல்ல. விதி தெளிவாக இருந்தால் நல்ல மனிதர்களும் சங்கடமில்லாமல் வேலை செய்ய முடிகிறது. பெண்கள் அணிகளுக்குத் தனிக் கட்டடமும் பெண் பொறுப்பாளரும் இருக்கிறார்கள் என்று அழைப்பிதழிலேயே தெளிவாக எழுதிய பிறகுதான் அவர்கள் தயக்கமின்றி வரத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டு மகளிர் 2018லும் 2023லும் தேசிய சீனியர் பட்டத்தை வென்றவர்கள். மதுரையின் சேது எஃப்.சி. 2018–19 இந்திய மகளிர் லீக்கை வென்றது. ஆட விருப்பமுள்ள பெண் பிள்ளைகளுக்கு இங்கே குறைவில்லை. அவர்களை அனுப்பும் அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “ராத்திரி அங்க எந்த அக்கா இருப்பாங்க?”

வயதுப் பிரச்சினை. மீசை அரும்பிய பன்னிரண்டு வயதுக்காரர்களைப் பார்க்காதவர்கள் இந்த வட்டாரத்தில் யாரும் இல்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு மணிக்கட்டு எலும்பின் எக்ஸ்ரேயைக் கொண்டு வயதை மதிப்பிடும் டி.டபிள்யூ.3 முறையைப் பயன்படுத்துகிறது. ஊர் அளவிலான தொடரில் அது நடக்கிற காரியமில்லை. பிறப்புச் சான்றிதழில் பிறந்த தேதியை மட்டும் பார்க்காமல் பதிவு செய்த தேதியையும் பாருங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. எட்டு, ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பதிவான சான்றிதழ்கள் ஓர் அணியில் ஐந்தாறு இருந்தால் கோச்சைத் தனியே அழைத்துப் பேச வேண்டும். உண்மையிலேயே வீட்டில் பிறந்து தாமதமாகப் பதிவான பிள்ளைகளும் உண்டு, ஆகவே எல்லோர் முன்னிலையிலும் விசாரிக்கக் கூடாது. இதற்கு மேல் ஒரு வழி இருக்கிறது, அது பணப் பரிசை ஒழிப்பது. வென்ற அணிக்கு ரொக்கம் கொடுக்கும் தொடர்களில்தான் வயது குறைகிறது என்பது என் உறுதியான கருத்து. அந்தத் தொகையை வெளியூர் அணிகளின் ரயில் கட்டணமாகக் கொடுத்தால் பொய் சொல்வதற்கான காரணம் பெருமளவு போய்விடுகிறது.

பெற்றோரைப் பற்றி நீளமாக எழுத ஆசைதான், ஆனால் கோட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஒரு கயிறு கட்டினால் பாதிப் பிரச்சினை தீர்கிறது. மருத்துவத்துக்கு ஒவ்வொரு மைதானத்திலும் முதலுதவி தெரிந்த ஒருவர், ஐஸ் பெட்டி, 108 வண்டி உள்ளே வருவதற்குத் திறந்த வாயில் ஆகியவை போதும். தலையில் அடிபட்ட பிள்ளை அன்றைக்கு மறுபடி ஆடுவதில்லை, கோச் எவ்வளவு வாதாடினாலும்.

ஊர்க்காரர்களிடம் முன்கூட்டியே பேச வேண்டும். ஒலிபெருக்கிக்குக் காவல்துறையின் எழுத்து அனுமதி வேண்டும், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அதைத் தொடவே கூடாது. அனுமதி இருந்தாலும் விடியற்காலையில் மைக் போடுவதை நான் விரும்புவதில்லை, விசில் போதும். மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வேன் நிறுத்தினால் முதல் நாளே தகராறு வரும், ஆகவே வேன்கள் அணியை இறக்கிவிட்டுத் தொலைவில் போய் நிற்க வேண்டும். தொடரால் ஊருக்கு வருமானம் கொட்டும் என்று கவுன்சிலரிடம் வாக்குறுதி கொடுக்காதீர்கள். டீக்கடை, மருந்துக்கடை, ஆட்டோ, ஜெராக்ஸ் கடை ஆகியவற்றுக்கு நல்ல வியாபாரம் நடக்கிறது, அவ்வளவுதான். குப்பையும் கழிவுநீரும் மாநகராட்சியின் தலையில் விழுகின்றன. தாம்பரம் 2021இல்தான் மாநகராட்சியானது. பல நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் சேர்த்து உருவானதால் ஒரு மைதானத்துக்கும் அடுத்த மைதானத்துக்கும் வேறு வேறு மண்டல அலுவலகங்களில் கடிதம் கொடுக்க வேண்டியிருக்கலாம். கூடுதல் குப்பை வண்டிக்கான கட்டணத்தைக் கடிதத்தோடு நாமே செலுத்த முன்வந்தால் பேச்சு சுமுகமாகப் போகிறது.

இறுதி ஆட்டம் நடக்கும் நேரத்தில் என் குழு பள்ளியில்தான் இருக்கும். கதவில் ஒட்டிய தாளைப் பார்த்துப் பெஞ்சுகளைத் திரும்பப் போடுவது, கரும்பலகையில் எழுதியிருக்கும் அணிப் பெயர்களை அழிப்பது, உடைந்த குழாய்க்குப் பிளம்பரை அழைப்பது, ஜல்லியை அள்ளுவது எல்லாம் பரிசளிப்பு முடிவதற்குள் தொடங்கிவிட வேண்டும், ஏனெனில் ஜனவரி முதல் வாரத்தில் பள்ளி திறந்துவிடும். தண்ணீர்த் தொட்டியைச் சுத்தமாகக் கழுவிக் கொடுங்கள் என்று ஒரு தலைமை ஆசிரியை சொன்னதை நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம். சாவிக்கொத்தை ஒப்படைக்கும்போது சேதப் பட்டியலையும் அதற்கான பணத்தையும் நாமே முன்வந்து கொடுத்துவிட்டு, அடுத்த டிசம்பருக்கான விண்ணப்பக் கடிதத்தையும் அப்போதே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வது வழக்கம். ஜூன் மாதம் போய்க் கேட்டால் அந்த நாட்களை ஏதாவது ஒரு தேர்வு மையமோ பயிற்சி முகாமோ எடுத்துக்கொண்டிருக்கும்.